80,000 கலம் தானியம்

திருவானைக்காவலில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, தெப்பக்குளத்தில் இறங்கினால் கிறைஸ்ட் சர்ச் பக்கத்தில்தான் இருக்கிறது. 1766-இல் அதைக் கட்டியவர் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷனரி கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர். வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் தகப்பனை இழந்த சிப்பாய் வீட்டுப் பிள்ளைகளுக்காக திருச்சியில்தான் பள்ளிக்கூடம் தொடங்கினார்.

1780-இல் மைசூர் ஹைதர் அலியின் படை தமிழகத்துக்குள் புகுந்தது. அப்போது சுவார்ட்ஸ் தஞ்சாவூரில் இருந்தார். வயல் கருகிப் பஞ்சம் வந்தது; கோட்டைக்குள் சிப்பாய்களும் ஏழைகளும் பசியால் செத்தார்கள். கிராமங்களில் தானியம் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுதான் இல்லை. அரசாங்கம் எவ்வளவு கேட்டும் குடியானவர்கள் அசையவில்லை. கூலி கைக்கு வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எப்போதோ போய்விட்டது.

கடைசியில் சுவார்ட்ஸ் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பணம் கொடுப்பதாக எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது.

இதுவும் பரிசுத்த ஆவியின் செயல்தான். ஆனால் ஆவியின் செயல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காற்றும் அக்கினியும் பெந்தெகொஸ்தே நாளும். அப்போஸ்தலர் நடபடிகளை நாலு அதிகாரம் தள்ளி வாசித்தால் வேறொரு காட்சி. எருசலேமில் அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். அதைச் சரிசெய்ய ஏழு பேர் வேண்டும். அவர்களிடம் அப்போஸ்தலர்கள் எதிர்பார்த்தது மூன்று: ஊரில் நற்சாட்சி, ஆவியின் நிறைவு, ஞானம். சோறு பங்கிடும் வேலைக்கு இத்தனை பெரிய தகுதி! விதவையின் தட்டு காலியாக இருப்பது கடவுளுக்கு அவ்வளவு பெரிய காரியம்.

சுவார்ட்ஸின் மனதுருக்கத்தையும் அந்த நற்சாட்சியையும் பிரித்துப் பார்க்க முடியாது. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் பட்டினியைப் பார்த்து அழுதிருப்பார். பல வருஷம் சொன்ன சொல்லைக் காத்து வந்தவர் என்பதால்தான், முன்பின் பழகாத குடியானவனும் அவரை நம்பித் தன் மாட்டை அவிழ்த்துக் கொடுத்தான். ஆவியானவர் அந்த மனிதருக்குள் செய்த வேலை, ஆரவாரம் இல்லாத அந்தப் பல வருஷங்களில் நடந்தது.

போருக்குப் பிறகும் ஒரு சோதனை வந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் தஞ்சைக் குடியானவர்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். திரும்பி வரச் சொல்லி ராஜா அழைத்தும் வரவில்லை. நியாயம் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் உறுதி சொன்னதும் ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். விதைக்கும் காலம் தாண்டியிருந்தது. நீங்கள் எங்களுக்கு இரங்கினீர்கள், அதற்காக நீங்கள் வருந்தும்படி விடமாட்டோம் என்று சொல்லி இரவு பகலாக உழுதார்கள். முந்தின வருஷத்தைவிட அந்த வருஷம் விளைச்சல் அதிகம்.