மடக்கு நிற்கும் என்பதை அறிவது எப்படி?

நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியான மடக்கு நிற்குமா என்பதை ஓட்டிப் பார்த்தே தீர்மானித்துவிட முடியாது. நின்றால் விடை கிடைத்துவிடும். நிற்காவிட்டால், அடுத்த சுற்றில் நிற்கலாம் என்ற ஐயம் எத்தனை காலம் காத்திருந்தாலும் தீராது. தொடக்கநிலை மாணவர் நிரலுக்கு முன் பாய்வுப்படமும் போலிக் குறிமுறையும் எழுதிப் பழகுவதன் ஆழமான பயன் இங்கேதான் உள்ளது: ஓட்டாமலே அறியும் வழியை அவை திறக்கின்றன.

மீப்பெரு பொது வகுத்தி காணும் யூக்ளிடின் முறையைப் பார்க்கலாம்.

மீதி சுழியம் ஆகாதவரை:
பெரியதைச் சிறியதால் வகு;
சிறியதைப் பெரியதன் இடத்திலும், மீதியைச் சிறியதன் இடத்திலும் வை.

48, 18 என்று தொடங்கினால் மீதிகள் 12, 6, 0. ஒவ்வொரு சுற்றிலும் மீதி குறைகிறது. சுழியத்துக்குக் கீழே அது போகாது. ஆகவே எந்த இரு மிகை முழு எண்களுக்கும் இந்த மடக்கு நின்றே தீரும். எண்ணற்ற ஓட்டங்களைப் பற்றிய உறுதி மூன்று வரிகளிலிருந்து பிறப்பது வியப்புக்குரியது. பாய்வுப்படத்தின் அம்புக்குறிகளில் அந்தந்த இடத்தில் உண்மையாக இருக்கும் கூற்றை எழுதி இவ்வாறு நிரூபிக்கும் முறையை ராபர்ட் ஃபிளாய்டு 1967இல் வகுத்தார்.

எல்லா மடக்குக்கும் இத்தகைய நிரூபணம் வாய்ப்பதில்லை. இரட்டை எண்ணைப் பாதியாக்கு, ஒற்றை எண்ணை மும்மடங்காக்கி 1 கூட்டு, 1 வந்தால் நிறுத்து என்னும் கோலாட்ஸ் மடக்கின் படம் மிகச் சிறியது. 27இல் தொடங்கினால் 111 படிகளில் நிற்கிறது. எல்லா மிகை முழு எண்ணுக்கும் நிற்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. எந்த நிரலையும் கொடுத்தால் அது நிற்குமா என்று பிழையின்றிச் சொல்லும் பொதுவழிமுறை இருக்கவே முடியாது என்பது ஆலன் டூரிங்கின் 1936ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பெறப்படும் முடிவு.