மீட்டர் காணாத தூரம்

சிங்கப்பூரில் புதுக் கார் வாங்கியவர்கள் சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கு வண்டியைக் கொண்டுவந்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவது லிட்டில் இந்தியாவில் பழகிய காட்சி. அன்று மைலேஜ் மீட்டர் ஏறக்குறைய பூச்சியத்தில் இருக்கும். பத்தாண்டு முடிந்து, காரை வைத்திருக்க உரிமை தரும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து அதே காரை வைத்துக்கொள்பவருக்கு ஒரு நாள் மீட்டர் நின்றுபோகிறது. பல மாதம் அப்படியே ஓட்டிவிட்டுப் பிறகு பழுது பார்க்கிறார். சரியான மீட்டர் எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்? பட்டறைக்காரர் தீர்த்துவைக்கும் கேள்வியாக இது தெரியலாம். ஆனால் வாய்மை என்றால் என்ன என்பதைத் தொடாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வேகமுள்ளும் தூர எண்ணும் ஒரே பெட்டிக்குள் இருந்தாலும் தனித்தனியே பழுதாகக் கூடியவை. 1980களின் வோல்வோ 240 போன்ற கார்களில் எண் உருளைகளைச் சுழற்றுவது ஒரு சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம். வருடங்கள் போகப் போக அது காய்ந்து, பல் உதிர்ந்துவிடும். முள் ஒழுங்காக ஏறி இறங்கும். எண் மட்டும் அசையாது. ஆகவே பழுது கண்ணில் படவே நாளாகும். பெட்டியைக் கழற்றிப் புதுப் பல்சக்கரத்தைப் பொருத்தும்போது உருளைகள் விரலுக்கு எட்டும். சோதனை அங்கேதான் வருகிறது. சிங்கப்பூரில் ஒரு காரின் சராசரி ஓட்டம் 2014இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 17,500 கிலோமீட்டர். நின்ற மாதங்களுக்கு அந்தக் கணக்கில் கூட்டி, உருளையைத் திருப்பி வைத்தால் என்ன? குறைத்துக் காட்டி விற்பவரின் மோசடி இதில் இல்லை, நல்லெண்ணமே இருக்கிறது. ஆனாலும் இது தவறு என்றே சொல்வேன்.

சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவான கருவி தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், அறிவு வரும் வழிகள் பலவாகச் சொல்லப்பட்டாலும் காண்டல், கருதல், உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்கிறார். மீட்டரின் எண் காண்டலைச் சேர்ந்தது. சக்கரம் சுற்றியபோது உடன் சுற்றிய பொருளின் சாட்சி அது. அதனால்தான் உரிமையாளரின் வாய்ச்சொல்லைவிட அதை நம்புகிறோம். நின்ற மாதங்களுக்கு நாம் கூட்டும் தொகை கருதல். கருதலிலும் குற்றமில்லை, அதுவும் அறிவுக்கு வழிதான். ஆனால் கருதலைக் காண்டலின் இடத்தில், காண்டலின் உருவத்திலேயே எழுதிவைத்தால், படிப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லாமல் போகிறது. தொகை சரியாகவே அமைந்துவிட்டாலும் பொய் அங்கே இருக்கிறது: காணாததைக் கண்டதாகச் சொல்வது.

வள்ளுவரே குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறாரே என்று கேட்கலாம். அவர் வைத்த நிபந்தனை கடுமையானது. அந்த நன்மையில் குறை இருக்கக் கூடாது. ஊகித்த எண்ணால் வரும் வசதி இன்றைய உரிமையாளருக்கு. ஊகம் தவறினால் வரும் கேடு அடுத்தவருக்கு. டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குத் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டரிலும் கெடு வைக்கிறார்கள். எண் குறைவாக இருந்தால் பெல்ட் ஓட்டத்திலேயே அறுந்து, பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். இங்கே காரின் விலையை நிர்ணயிப்பது சான்றிதழில் மீதமுள்ள காலம்தானே, மைலேஜை யார் பார்க்கிறார்கள் என்பதும் நிற்காது. பதிவு நீங்கிய கார்களில் பல வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. சான்றிதழ் இங்கேயே முடிந்துவிடும். எண் காரோடு கப்பலேறும்.

இன்னொரு மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது. வினையின் கணக்கைச் சித்திரகுப்தன் எழுதுகிறான். மீட்டர் நின்றாலும் அவன் ஏடு நிற்காது. பிறகு இந்தத் தகர எண்ணுக்கு ஏன் இவ்வளவு கவலை? இதை நான் மதிக்கிறேன், ஏனெனில் இதில் பாதி உண்மை இருக்கிறது. நாம் பதியாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். ஆனால் அந்த ஏட்டை வாங்குபவர் புரட்டிப் பார்க்க முடியாது. அவர் கையில் இருப்பது நாம் எழுதும் கணக்கு மட்டுமே. தேக்கா சந்தையில் காய் நிறுக்கும் தராசுக்குச் சோதனை முத்திரை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கடவுள் எடையை அறிவார் என்று எந்தக் கடைக்காரரும் முத்திரையை வேண்டாம் என்பதில்லை.

அமெரிக்கா 1972இல் இயற்றிய சட்டம் இந்த நியாயத்துக்கு அருகில் வருகிறது. பழுதுபார்த்த மீட்டர் பழைய எண்ணைக் காட்ட முடியாதென்றால் அதைப் பூச்சியத்தில் வைத்து, முந்தைய எண்ணையும் பழுதுபார்த்த தேதியையும் எழுதி ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். பூச்சியம் அங்கே பொய்யாகாது, ஏனெனில் பக்கத்திலேயே உரை இருக்கிறது. பழைய உருளைகளே மிஞ்சினால் நின்ற எண்ணிலிருந்து தொடர்வது சரி; அது கண்ட எண். இடைவெளியைத் தாளில் எழுதுங்கள். சர்வீஸ் ரசீதுகளைக் கொண்டு போட்ட உத்தேசக் கணக்கையும் உத்தேசம் என்றே சொல்லி எழுதுங்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் பட்டறை வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: எந்த எண்ணில் நின்றது, எந்தத் தேதியில் சரியானது என்று எழுதி ஒட்டாமல் மீட்டரை மூடித் தராதீர்கள், உரிமையாளர் கேட்காவிட்டாலும்.