சில்லறைக் கோபமும் பெரிய கணக்கும்

 

நான் ஆலிம் அல்லன். கல்லாப்பெட்டி முன் நிற்பவன். ஆகவே மார்க்கத் தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. என்னிடத்தில் நான் கண்ட ஒரு குற்றத்தை உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். உங்களில் யாரேனும் இதைப் படித்துத் தம்மைத் திருத்திக்கொண்டால், அதன் நன்மையில் எனக்கும் ஒரு பங்கை அல்லாஹ் தருவானாக.

காலையில் கடை திறந்தது முதல் நமக்கு எத்தனை எரிச்சல்கள்! ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே வருகிறார். நம்மிடம் வாய் திறவாமல் பருப்பு மூட்டையை விரலால் காட்டுகிறார். நிறுத்துக் கட்டிய பிறகு, "இதுவல்ல" என்று கையை ஆட்டுகிறார். இன்னொருவரிடம் பைக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார். பினாங்கில் நெகிழிப் பைக்குத் தினந்தோறும் காசு வாங்கும் முறை 2011ஆம் ஆண்டு வந்தது, ஆனாலும், "முந்தி சும்மாதானே கொடுத்தீங்க பாய்?" என்ற கேள்வி நின்றபாடில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், நம் வண்டிக்குக் குறுக்கே வேறொருவர் வண்டி நிற்கிறது. அவரோ உள்ளே நிதானமாகச் சுன்னத்துத் தொழுகிறார். சற்று முன்தான் பொறுமையின் சிறப்பைக் குத்பாவில் கேட்டுவிட்டு வந்த நாம், ஹாரனை அமுக்கிய கையை எடுப்பதில்லை.

இவற்றையெல்லாம் நாம் கோபம் என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. கொலையா செய்தோம், களவா செய்தோம்? ஏதோ வாய் தவறி ஒரு சொல். சில்லறை விஷயம் என்று விட்டுவிடுகிறோம்.

சகோதரர்களே! சில்லறையைப் பற்றி நமக்குத் தெரியாததா? மலேசியாவில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டி வாங்குகிறோம். 7 வெள்ளி 82 சென் என்றால் 80 சென்னாகக் குறைகிறது; 83 என்றால் 85 ஆகிறது. சிங்கப்பூரிலும் 2002ஆம் ஆண்டோடு ஒரு காசு நாணயம் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். துன்யாவின் கணக்கு இப்படி. சிறியது எண்ணுவதற்கு உதவாது என்று தள்ளிவிடும்.

ஆகிரத்தின் கணக்கோ இப்படியல்ல. ஸூரத்துஸ் ஸில்ஸால் நம்மில் பலருக்கும் மனப்பாடம். அதன் கடைசி இரண்டு ஆயத்துக்களும் என்ன சொல்லுகின்றன? அணுவளவு நன்மையும் அன்று கண்ணுக்கு முன் வரும், அணுவளவு தீமையும் வரும் என்பதுதான் அவற்றின் கருத்து. கிராமன் காத்திபீன்களின் ஏட்டில் ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டும் வழக்கம் இல்லை. நாம் சில்லறை என்று உதறியவை யாவும் அங்கே ஒன்று விடாமல் பதிந்திருக்கும்.

இனி என் குற்றத்தைச் சொல்லுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். சாமான் 6 வெள்ளி 40 சென். கைப்பேசியை எடுத்து, கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையின் மேல் பிடித்தார். "காசு போட்டாச்சு தம்பி, மகன்தான் சொல்லிக் கொடுத்தான்" என்றார். என் கைப்பேசியில் சத்தம் வரவில்லை. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். இப்படிப் போலித் திரையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த எனக்கு உடனே சந்தேகம் வந்தது. "இந்த வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து நோட்டையும் காசையும் எடுத்து, 6 வெள்ளி 40 சென்னை எண்ணி வைத்தார். பேத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருவரும் போய்விட்டார்கள்.

இரவு கடை கட்டும்போது கணக்கைப் பார்த்தேன். அவர் அனுப்பிய 6 வெள்ளி 40 சென் அப்பொழுதே வந்து சேர்ந்திருந்தது. என் இணையம்தான் தூங்கியிருக்கிறது. திரையில் பாதிப் பெயர் மட்டும் இருந்தது. ஊரும் இல்லை, வீடும் இல்லை. அன்று முதல் அவரை எதிர்பார்த்திருக்கிறேன். இன்றுவரை அவர் வரவில்லை.

ஆலிம்சாவிடம் கேட்டேன். "தேடிப் பார். கிடைக்காவிட்டால் அவர் பேரில் தர்மம் செய்துவிடு. பின்னால் வந்து கேட்டால் அவர் பணத்தை அவருக்கே கொடு" என்றார். காசுக்கு வழி பிறந்தது. பேத்தியின் முன்னால் அவரைத் திருடனாக்கினேனே, அதற்கு எங்கே வழி?

நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முறை தம் தோழர்களிடம், திவாலானவன் யார் என்று கேட்டார்கள். கையில் திர்ஹமும் பொருளும் இல்லாதவன் என்று தோழர்கள் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வேறொருவனைக் காட்டினார்கள். அவன் தொழுகை, நோன்பு, ஸகாத்து எல்லாவற்றையும் கொண்டு வருவான். ஆனால் ஒருவரை ஏசியிருப்பான், ஒருவர்மேல் பழி சுமத்தியிருப்பான், ஒருவர் பொருளைத் தின்றிருப்பான். அவன் நன்மைகள் அவர்களுக்குப் பங்கு போடப்படும். அவை தீர்ந்தால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸின் கருத்தை நான் எத்தனையோ பயானில் கேட்டிருக்கிறேன். பழியும் பொருளும் இரண்டுமே ஒரே நாளில், ஒரே மனிதரிடம், 6 வெள்ளி 40 சென்னுக்காக என் தலையில் ஏறும் என்று நான் நினைத்ததில்லை.

வியாபாரிகளே! திவால் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கடைகள் பெரிய நஷ்டத்தால் மூழ்குவதில்லை. அன்றாடம் எழுதாமல் விட்ட சிறு சிறு செலவால் மூழ்குகின்றன.

ஆகவே எனக்கு நானே சில காரியங்களை விதித்துக்கொண்டேன். சந்தேகம் வந்தால், முதலில் ஸ்டூலைக் காட்டி, "கொஞ்சம் உட்காருங்கள், இணையம் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லுவது. அவர் மீது குற்றம் இல்லையென்றால் மரியாதை. குற்றம் இருந்தாலும் நமக்கு நஷ்டமில்லை. கோபம் ஏறினால், நின்றுகொண்டிருப்பவர் உட்காரட்டும் என்ற நபிவழிப்படி உட்கார்ந்துவிடுவது; அதற்கும் அடங்காவிட்டால் பின்கட்டுக் குழாயில் உளுச் செய்துவிட்டு வருவது.

இன்னொன்று முக்கியம். வாடிக்கையாளரிடம் அடக்கிய கோபத்தைக் கடைப் பையன்கள்மேல் இறக்கக் கூடாது. அவர்கள் பதில் பேச முடியாதவர்கள். பத்து ஆண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், "சீ" என்ற ஒரு சொல்லைக்கூட அவர்களிடமிருந்து கேட்டதில்லை என்கிறார்கள். நம் கடைப் பையன்கள் நாளை நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்லுவார்கள்?

இரவில் பணத்தை எண்ணும்போது அன்றைய வார்த்தைகளையும் எண்ணிப் பாருங்கள். யாருக்காவது பாக்கி இருந்தால், அவர் இருக்குமிடம் தெரியும்போதே தீர்த்துவிடுங்கள். நாளைக்கு அவர் வராமலே போகலாம்.

அந்த 6 வெள்ளி 40 சென் ஓர் உறையில் என் கல்லாவில் கிடக்கிறது. அந்தப் பெரியவரை ஒரு முறையாவது என் கடை வாசலுக்கு அல்லாஹ் அனுப்பிவைக்க, சகோதரர்களே, எனக்காகத் துஆச் செய்யுங்கள். நம் எல்லோருடைய நாவையும் தராசையும் அல்லாஹ் நேராக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.