உறுப்பா, அமைப்பா?

ஒரு பொருளின் பண்பு அதன் உறுப்புகளில் உள்ளதா, அவை அமைந்த விதத்தில் உள்ளதா என்பது மெய்யியலின் பழைய கேள்வி. முழுமை உறுப்புகளிலிருந்து வேறான தனிப்பொருள் என்றது நியாய-வைசேஷிக மரபு. உறுப்புகளின் தொகுப்புக்கு இட்ட பெயரே அது என்றனர் பௌத்தர்.

கரிம நிறமிகளின் இரு ஃபோட்டான் உட்கவர்தல் இக்கேள்விக்கு நல்ல சோதனைக்களம். ஒரே நிகழ்வில் இரண்டு ஃபோட்டான்கள் உட்கவரப்படலாம் என்று மரியா கோப்பர்ட்-மேயர் 1931-இல் கோட்பாட்டளவில் காட்டினார். லேசர் வந்தபின், 1961-இல் அது சோதனையில் மெய்ப்பட்டது. இரு ஃபோட்டான்களை உட்கவரும் திறனை அளக்கும் ஜிஎம் அலகு அவர் பெயரைத் தாங்கியது.

ஸ்டில்பீன் என்ற கரிம மூலக்கூறுக்கு இத்திறனின் மதிப்பு ஏறத்தாழ 12 ஜிஎம். அதன் இரு முனைகளிலும் எலக்ட்ரான் வழங்கும் அமினோ தொகுதிகளைச் சேர்த்தால் அது 200-ஐத் தாண்டுகிறது. இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டொன்றாக வரும் சங்கிலியை நீட்டினால் பெரும்பாலும் மேலும் கூடுகிறது. மூலக்கூறு முறுக்கிக்கொண்டு தட்டைத்தன்மையை இழந்தால் குறைகிறது. மையச் சமச்சீர் உள்ள மூலக்கூறுகளில், ஒரு ஃபோட்டான் எட்டும் எலக்ட்ரான் நிலைகள் இரு ஃபோட்டான்களுக்கு விலக்கப்பட்டவை.

தனித்து நிற்கும் அமினோ தொகுதிக்கு இவ்வளவு திறன் இல்லை. மூலக்கூறு முழுவதிலும் மின்னூட்டம் இடம்பெயர்வதே இத்திறனுக்குக் காரணம். ஆயினும் அந்த இடப்பெயர்ச்சியை எலக்ட்ரான்கள், அணுக்கருக்கள் ஆகியவற்றின் குவாண்டம் விதிகளைக் கொண்டே கணக்கிடலாம். எனவே பண்பு அமைப்புக்கு உரியது. அதை விளக்கத் தனிப்பொருள் ஒன்று தேவையில்லை.