வைத்தியர் சொன்னது யாருக்கு?

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் பிரசாதத்துக்கு அமர்ந்திருக்கும்போது, இப்படி ஒரு வேண்டுகோளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அப்பாவுக்கு இன்னும் சொல்லேல்லை. கண்டால் ஒண்டும் கேட்டிடாதேங்கோ." அப்பாவுக்குப் புற்றுநோய். அது மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ரொம்ஃபோர்ட் ரோட் மரக்கறிக் கடைக்காரருக்கும் தெரியும். அப்பா ஒருவருக்கு மட்டும் தெரியாது. இதனை அன்பு என்றே எம்மவர் கருதுகின்றோம். நானும் அவ்வாறே கருதியிருந்தேன். இவ்விடயத்தைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம், மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதல்ல. நானே இதைச் செய்தவன்.

2017ஆம் ஆண்டு என் தாயாருக்கு 76 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான சீனி வருத்தம் அவரது சிறுநீரகங்களைத் தின்று முடித்திருந்தது. இருதயமும் பலவீனம். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். பல்கலைக்கழகம் போன, கணக்காளராக வேலை பார்க்கும் மகன் பக்கத்தில் இருக்கையில் அது எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

வைத்தியர் பொறுமையான மனிதர். இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று டயாலிசிஸ்: வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். மற்றது இயந்திரம் இல்லாமல், மருந்தாலும் உணவாலும் வேதனையைக் கட்டுப்படுத்தி வீட்டிலேயே இருப்பது. இந்த வயதில், இருதய நோயும் சேர்ந்திருப்பவர்களுக்கு இயந்திரத்தால் கூடும் ஆயுள் சில வேளைகளில் மிகச் சொற்பம் என்பதையும், அந்த ஆயுளில் பெரும்பகுதி வைத்தியசாலையிலேயே கழியலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"டொக்டர் என்னவாம் தம்பி?" என்றார் அம்மா.

"கிட்னி ரெண்டும் வேலை செய்யேல்லையாம். மெசினிலை ரத்தத்தைச் சுத்தம் பண்ணவேணுமாம். வேறை வழி இல்லையாம்."

அவர் ஐந்து நிமிடம் பேசியது என் வாயில் மூன்று வசனமாகச் சுருங்கியதை வைத்தியர் கவனித்திருக்க வேண்டும். முழுவதும் சொன்னீர்களா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

இதே கேள்வி இந்நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயரைச் சேர்ந்த நடீன் மொன்ட்கொமரி என்ற பெண்மணி நீரிழிவு உள்ளவர், உருவத்திலும் சிறியவர். 1999இல் அவரது பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது. பிராணவாயு இன்றிப் போன நிமிடங்களால் குழந்தைக்கு மூளைவாதம் ஏற்பட்டது. நீரிழிவுத் தாய்மாருக்கு இவ்வாறு தோள் சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 9 அல்லது 10. அதனை வைத்தியர் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சத்திரசிகிச்சைப் பிரசவமே கேட்பார்கள், அது தாய்மாருக்கு நல்லதல்ல என்பது வைத்தியரின் எண்ணம். அதுவரை நீதிமன்றங்கள், பொறுப்பான வைத்தியர்களில் ஒரு சாரார் அவ்வாறே செய்வார்களாயின் அது தவறன்று என்ற 1957ஆம் ஆண்டு அளவுகோலைத்தான் பெரும்பாலும் பிடித்திருந்தன. 2015 மார்ச் 11ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்த அளவுகோலை இவ்விடயத்தில் ஒதுக்கிவைத்தனர். அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் எதனை முக்கியம் என்று கருதுவாரோ, அதனையும் வேறு நியாயமான சிகிச்சை வழிகளையும் சொல்லியே ஆகவேண்டும் என்றனர். எவை நியாயமான வழிகள் என்று தீர்மானிப்பதில் வைத்தியரின் தொழிலறிவுக்கு இடம் உண்டு என்பதை 2023இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தெளிவாக்கியது.

கவனியுங்கள், அந்தப் பெண்மணி ஆங்கிலம் தாய்மொழியாகப் படித்தவர். அவருக்கும் வைத்தியருக்கும் நடுவில் ஒரு மகன் நின்று சொற்களை வெட்டிக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் நாடுகளில் குடும்பம்தானே தீர்மானிப்பது என்று சிலர் சொல்வதுண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்த்த சமிரா கோலி வழக்கை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1995இல் டெல்லியில், 44 வயதான, திருமணமாகாத பெண் ஒருவர் இரத்தப்போக்குக் காரணமாக ஒரு பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கமருந்து ஏற்றுக்கொண்டார். மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, அவரது கருப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். வைத்தியர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, பராயமடைந்த, புத்தி தெளிவுள்ள ஒருவருக்காகத் தாயார் கொடுக்கும் சம்மதம் சம்மதமே அல்ல என்றது. நட்டஈடு வெறும் 25,000 ரூபாய்தான். தொகை சிறிது, சட்டம் பெரிது.

என் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. கணக்காய்வாளர் தன் அறிக்கையைப் பங்குதாரருக்கே எழுதுகிறார், இயக்குநர் சபைக்கு அல்ல. பங்குதாரர் மனம் நோகக் கூடாதே என்று நட்டத்தை மறைக்கும் இயக்குநரை நாங்கள் அன்பானவர் என்று அழைப்பதில்லை. உடம்பு அம்மாவுடையது. நான் இயக்குநராக இருந்துகொண்டு உரிமையாளரின் தபாலை உடைத்துப் படித்துவிட்டு, பாதியைக் கிழித்துப் போட்டவன்.

எங்கள் பாட்டன் காலத்தில் இதே மறைப்பு இவ்வளவு பாரதூரமாக இருந்ததில்லை என்றே நினைக்கிறேன். அன்று சிறுநீரகம் பழுதானால் எதுவும் செய்ய இயலாது. தெரிந்தும் தெரியாமலும் முடிவு ஒன்றுதான். 1954இல் பொஸ்டனில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றம் நடந்தது. 1960இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர் கையில் நிரந்தரக் குழாய் பொருத்தி நீண்டகால டயாலிசிஸைச் சாத்தியமாக்கினார். அண்மையில், 2022இல், சீனி வருத்தத்துக்கென வந்த டபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரையை, சிறுநீரகம் தளர்வதை மெதுவாக்கவும் கொடுக்கலாம் என்று இந்நாட்டின் நைஸ் நிறுவனம் பரிந்துரைத்தது. இப்படி வைத்தியம் ஒரு புதுப் பாதை திறக்கும்போதெல்லாம் எதில் போவது என்ற கேள்வியும் கூடவே வருகின்றது. அதற்கு ஸ்கேனில் விடை இல்லை. நோயாளிக்கு எது வாழ்க்கை என்பதில்தான் இருக்கிறது.

வைத்தியரின் சங்கடத்தையும் சொல்லவேண்டும். குடும்பத்தவரை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டாம் என்றுதான் இங்குள்ள வழிகாட்டல்கள் கூறுகின்றன. ஆனால் நேரமோ குறைவு, வெளியில் வரிசையோ நீளம், மகனோ "ஐ வில் டெல் ஹெர்" என்கிறான். அவர் என்ன செய்வார்? மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் இதற்கு வேறு விடை கண்டிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் தமிழ் கற்று, உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவ வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். லண்டன் வைத்தியர் ஒவ்வொருவரும் தமிழ் படிப்பது ஆகாத காரியம். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது ஆகும்.

அறிய விரும்பாதவர்களும் உண்டு. "எனக்கொண்டும் சொல்லவேண்டாம், பிள்ளையளோடை கதையுங்கோ" என்று ஒரு தாய் சொன்னால் அதுவும் அவரது தீர்மானமே. அதிர்ச்சியால் உடல்நிலைக்குப் பெருங்கேடு வரும் என்று வைத்தியர் நியாயமாகக் கருதினால் சொல்லாமல் விடவும் சட்டம் சிறிது இடம் வைத்திருக்கிறது. நான் அம்மாவிடம் அவர் அறிய விரும்புகிறாரா என்று கூடக் கேட்கவில்லை. அவர் அழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்பதே உண்மை. காப்பாற்றியது என்னைத்தான்.

திங்கள், புதன், வெள்ளி என்று அதிகாலையில் வாகனம் வந்து அம்மாவை ஏற்றிச் செல்லும். திரும்பி வந்தால் அன்று முழுதும் படுக்கைதான். வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றுபோயிற்று. அடுத்த வருடம் அந்தப் பிரிவுக்குத் தமிழ் பேசும் தாதி ஒருவர் வேலைக்கு வந்தார். எல்லோரும் இரண்டு வழியையும் கேட்டுத்தான் இங்கே வருகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்.

அன்றிரவு அம்மா என்னைக் கூப்பிட்டார். "அண்டைக்கு டொக்டர் ரெண்டு வழி சொன்னவராமே, தம்பி?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. ஓம் என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

"நானும் மெசினுக்குத்தான் ஓமெண்டிருப்பன். பேத்தியின்ரை சோதினை முடியுமட்டும் இருக்கவேணும் எண்டு ஆசை. ஆனா என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே."

பேத்தியின் சோதனை 2019 ஆனியில் முடிந்தது. அதற்கு அடுத்த கிளினிக்கில் அம்மா மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார், என்னை வெளியே இருக்கச் சொன்னார். ஆடி மாதத்தில் டயாலிசிஸை நிறுத்தினார்கள். ஒன்பது நாள் வீட்டில் இருந்தார். அதில் ஒரு வெள்ளிக்கிழமை, சக்கர நாற்காலியில் கோயிலுக்கும் வந்தார்.

இப்போது மாமனாருக்கும் சிறுநீரகம் தளர்ந்து வருகிறது. சென்ற கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். அவர் 'சர்க்கரை' என்க, மாமா 'சீனி' என்றார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்று வைத்தியர் கேட்டார். மாமா தொலைபேசிப் பக்கம் குனிந்தார்.

"ஆவணியிலை சந்நிதித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகலாமோ எண்டு கேளுங்கோ."

இப்படியொரு ஆசை அவருக்கு இருந்தது எனக்குத் தெரியாது. வைத்தியர் கணினியில் இருந்து கையை எடுத்துவிட்டு, எத்தனை நாட்களுக்கு என்று கேட்டார்.