பத்து வயதுச் சட்டை



புதுநன்மை வாங்கிய நாளில் நீங்கள் உடுத்திய வெள்ளைச் சட்டை சிலர் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கும். இன்று அதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வருவீர்களா? கையே நுழையாது. ஆனால் அந்த வயதில் மனப்பாடம் செய்த பாவசங்கீர்த்தனத்தை மாத்திரம் நாற்பது வயதிலும் மாற்றாமல் கொண்டுவருகிறோம். "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், பராக்காய் ஜெபம் செய்தேன்." அவ்வளவுதான்.

குழந்தை சொன்னால் அது முழுச் சங்கீர்த்தனம். குடும்பத் தலைவன் சொன்னால்? பாகப்பிரிவினைக்குப் பின் தம்பி வீட்டு வாசலை மிதியாத வருஷங்கள் எங்கே? நாளைக்கு, நாளைக்கு என்று வேலைக்காரனுக்குத் தள்ளிப்போட்ட கூலி எங்கே? மாமியாரைப் பற்றி ஊரெல்லாம் பேசித் திரிந்த நாவு எங்கே?

வருஷத்துக்கு ஒரு தடவையாகிலும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமென்று 1215-ம் ஆண்டில் நாலாம் லாத்தரான் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. அதற்குக் குறையக்கூடாது என்பதே கட்டளை. நாமோ அதுவே போதுமென்று இருந்துவிட்டோம். வருஷக் கணக்கை ஒரே நாளில் எழுத உட்கார்ந்தால் எந்தக் கடைக்காரனுக்கும் கணக்கு நேராகாது.

அர்ச். இஞ்ஞாசியார் இதற்கு வழி காட்டியிருக்கிறார். 1548-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற அவருடைய ஞானத் தியானப் புஸ்தகத்தில் ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. முதற்படி பாவத்தைத் தேடுவதல்ல. சர்வேசுரனிடம் பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. அதன்பின் ஞான வெளிச்சம் கேட்டு, விடிந்தது முதல் நினைவிலும் சொல்லிலும் செயலிலும் நடந்ததை ஒவ்வொன்றாய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, திருந்தப் பிரதிக்கினை செய்வது. வரிசையைக் கவனியுங்கள். இன்று வயிறார உண்டதற்கு நன்றி சொல்லும்போதே, கூலி பெறாமல் திரும்பிப் போனவனுடைய முகம் கண்முன் வந்து நிற்கும்.

இதற்குப் படிப்பு வேண்டாம். இரவு ஜெபமாலை முடிந்தபின், விளக்கை அணைக்குமுன் வீட்டார் எல்லோரும் ஐந்து நிமிஷம் மௌனமாய் முழங்காலில் இருங்கள். (பிள்ளைகள் தூங்கி விழுந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் சட்டை அவர்களுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.)

முதல் வாரம் ஒன்றும் தோன்றாமல் போகலாம். பிறகு ஓர் இரவில் தம்பியின் ஞாபகம் வரும். அப்போது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருமுன் அவன் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். சனிக்கிழமை மாலை நேரமானாலும் நான் காத்திருப்பேன்.