இடிந்த சுவரும் இடியாத சுவரும்

ஞாயிறு சிந்தனை
(எபேசியர் 2:14, யாகப்பர் 2:1–4)



அர்ச். சின்னப்பர் எபேசு நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில், நமது சமாதானம் கிறிஸ்துநாதரே என்கிறார். பிரிந்து கிடந்த இரு ஜனங்களையும் அவர் ஒன்றாக்கினார். இடையில் நின்ற பகையின் சுவரைத் தமது சரீரத்தைக் கையளித்துத் தகர்த்தெறிந்தார் என்று போதிக்கிறார். இந்த வசனத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சுவர் என்பது உவமைக்காகச் சொன்ன வார்த்தைதானே என்று எண்ணிக் கடந்து போயிருப்போம். ஆனால் ஜெருசலேம் தேவாலயத்தை அறிந்த சின்னப்பருக்கு, அந்த வார்த்தையைச் சொன்னதும் கல்லால் ஆன ஒரு சுவர் நினைவுக்கு வந்திருக்கும்.

அந்தத் தேவாலயத்தின் வெளிமுற்றம் வரை எந்த ஜாதியாரும் வரலாம். அதற்கு அப்பால் மூன்று முழ உயரத்தில் ஒரு கல் தடுப்பு நின்றது. யூதர் அல்லாதவர் அதைத் தாண்டினால் மரணத்துக்குத் தாமே பொறுப்பாளி என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கை வெட்டி வைத்திருந்தார்கள். அப்படி எழுத்து வெட்டிய கல் ஒன்றை 1871-ல் கிளேர்மோன் கானோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஜெருசலேமில் கண்டெடுத்தார். இஸ்தான்புல் நகரத்துத் தொல்பொருட்சாலையில் அது இன்றும் இருக்கிறது.

சின்னப்பர் பிடிபட்டதே இந்தத் தடுப்பின் காரணமாகத்தான். எபேசு ஊரானாகிய துரோப்பிமு என்பவரை அவர் தேவாலயத்துக்குள் அழைத்து வந்து பரிசுத்த ஸ்தலத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார் என்று ஒரு பழி கிளம்பியது. ஜனங்கள் கூடி அவரை வெளியே இழுத்துக் கொல்லப் பார்த்தார்கள். உரோமைப் படைத்தலைவன் வந்து மீட்டான். ஆனால் மீட்ட கையோடு விலங்கும் பூட்டினான். அப்போஸ்தலர் பணி 21-ம் அதிகாரத்தில் இந்த வரலாற்றைக் காணலாம். ஆகவே சுவர் இடிந்தது என்று சின்னப்பர் எழுதியபோது, அந்தச் சுவருக்காக அடிபட்டு விலங்கு சுமந்தவராகவே எழுதினார்.

இனி நம்முடைய புதுச்சேரிக்கு வருவோம்.

மிஷன் வீதியில் இருக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை ஊர் ஜனங்கள் சம்பா கோவில் என்கிறார்கள். 'சேன் போல்', அதாவது அர்ச். சின்னப்பர் என்ற பெயரே மக்கள் வாயில் 'சம்பா' ஆயிற்று என்பார்கள். இப்போதுள்ள கட்டடம் 1791-ல் முடிந்தது. அதற்கு முன் இருந்த கோவில், 1761-ல் ஆங்கிலேயர் நம் பட்டணத்தைத் தரைமட்டமாக்கியபோது அழிந்துபோனது. அந்தப் பழைய நாட்களில் இங்கே கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. உயர்ந்த சாதியார் என்று தம்மை எண்ணியவர்களும் ஐரோப்பியரும் ஒரு பக்கம். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் மறுபக்கம். பீடம் ஒன்று, பூசை ஒன்று, நற்கருணை ஒன்று. நடுவில் மட்டும் சுவர்! நடுச்சுவரை ஆண்டவர் தகர்த்தார் என்று எழுதிய அப்போஸ்தலரின் பெயரைச் சொல்லி வழங்கும் இடத்திலா இது?

1745-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் கூட்டமாகப் பெரிய குருவானவரிடம் போனார்கள். நாங்களும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாமே, எங்களை மட்டும் ஏன் பிரித்து வைக்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. குருவானவர் நியாயத்தை உணர்ந்து சுவரை இடிக்கச் செய்தார். மறுபக்கத்தாருக்குக் கோபம் மூண்டது.

இதை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? ஒரு குருவானவர் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. துய்ப்ளேக்சு துரையிடம் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளைதான். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்த சேதி, சரக்கு விற்ற சேதி இவற்றின் நடுவே இந்தச் சேதியும் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் கோவிலுக்குள் எப்படி உட்காருகிறார்கள் என்பதை வெளியே நின்ற ஓர் இந்து அன்பர் கவனித்திருக்கிறார்!

பிரியமானவர்களே, இன்று நம் கதிர்காமத்துத் தெருக்களில் நமக்கு அண்டை வீட்டார் பலரும் பிற சமயத்தார். அவர்களில் ஒருவர் நாட்குறிப்பு எழுதினால் நம்மைப் பற்றி என்ன எழுதுவார்? 'இவர்கள் சாதி பாராத ஜனங்கள்' என்று எழுதுவாரா? 'கோவிலுக்குள் ஒரு பேச்சு, வீட்டுக்குள் ஒரு பேச்சு' என்று எழுதுவாரா?

1745-ல் சுவர் இடிந்ததும் சாதி போய்விட்டது என்று எவரும் சொல்ல முடியாது. நமது புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்திலேயே, 2008 மார்ச் மாதத்தில் எறையூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டிக் கலவரம் மூண்டது. போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் பலியாயின. ஒரே மாதாவை நோக்கி ஒரே செபமாலை சொன்ன ஜனங்கள்! 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கையும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது.

செங்கல் சுவரை ஒரு குருவானவர் ஆள் விட்டு ஒரே நாளில் இடித்துவிடலாம். இருதயத்தில் உள்ள சுவரை எந்தக் குருவானவரும் பிறருக்காக இடிக்க முடியாது. அது எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கலியாணப் பேச்சில் நிற்கிறது: பெண் தேடும் விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்று போட்டு, உடனே பக்கத்தில் சாதியின் பெயரையும் போடுகிறோமே! சாவு வீட்டில் நிற்கிறது: ஒரே பங்கு என்கிறோம், பெட்டிக்குத் தோள் கொடுக்க அவரவர் தெருவார் மட்டுமே வருகிறார்கள். சில வீடுகளில் தண்ணீர்க் குவளையிலும் நிற்கிறது.

அர்ச். யாகப்பர் தமது நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் இதைக் கண்டிக்கிறார். பொன் மோதிரமும் பகட்டான உடையுமாய் ஒருவன் சபைக்குள் வருகிறான். அழுக்குத் துணியுடன் ஓர் ஏழையும் வருகிறான். முதலாமவனுக்கு நல்ல ஆசனம். ஏழைக்கோ நிற்க ஓர் இடம் அல்லது காலடியில் ஓர் இடம். இப்படிச் செய்தால் நீங்கள் உங்களுக்குள் பேதம் பாராட்டித் தீய எண்ணமுள்ள நீதிபதிகள் ஆகவில்லையா என்று கேட்கிறார். நமது திருவிழா நாட்களில் முன்வரிசை நாற்காலிகள் யாருக்குப் போகின்றன என்பதை நினைத்துக்கொண்டு இந்த வசனத்தை மறுபடியும் வாசியுங்கள்.

'சுவாமி, பூசையில் எல்லோரும் ஒன்றுதான். சம்பந்தம், சாப்பாடு என்று வரும்போது ஊர் வழக்கத்தை விட முடியுமா?' என்று சிலர் கேட்பதுண்டு. ஆண்டவர் நம்மை ஒன்றாக்கியது ஒரு மணி நேரப் பூசைக்காக மட்டுமா? பல தானியங்கள் ஒரே அப்பமாவது போல, பலராகிய நாம் அந்த அப்பத்தில் பங்குபெற்று ஒரே சரீரமாகிறோம். சரீரம் கோவில் வாசற்படியில் கலைந்துபோவது உண்டா? ஊர் வழக்கம் மனிதர் கட்டிய சுவர். அதை விடப் பழமையான ஜெருசலேம் வழக்கத்தையே கிறிஸ்துநாதர் சிலுவையில் முடித்துவிட்டார்.

ஆகையால் இந்த வாரத்துக்கு மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, அடுத்த ஞாயிறு பூசையில் உங்கள் வழக்கமான இடத்தை விட்டு, இதுவரை நீங்கள் பேசியிராத குடும்பத்தின் அருகில் உட்காருங்கள். சமாதான வாழ்த்தை அவர்களுக்கு மனதாரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இம்மாத அன்பியக் கூட்டம் இதுவரை கூடாத ஒரு வீட்டில் கூடட்டும். அங்கே கொடுக்கும் காப்பியை எல்லோரும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். 'இப்போதுதான் வீட்டில் குடித்தேன்' என்ற சாக்கு வேண்டாம்!

மூன்றாவது, பெற்றோர்களே, பிள்ளைகளின் முன் எவரையும் சாதியின் பெயரால் இகழ்ந்து பேசாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாய் விளையாடும் பிள்ளைகளுக்குச் சுவர் கட்டக் கற்றுக்கொடுப்பது நாம்தான்.

சுவரின் பின்னால் நின்று பூசை கண்ட அந்த மக்களின் பெயர்கள் நமக்குத் தெரியாமலிருக்கலாம், ஆண்டவருக்குத் தெரியும். அவர்கள் விசுவாசத்தை விட்டுவிடவில்லை; நியாயம் கேட்டார்கள். அவர்கள் கேட்ட நியாயத்தை நாம் நம் வீடுகளில் நிறைவேற்றுவோமாக. நமது சமாதானமாகிய சேசுநாதர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குருவானவர்,
கதிர்காமம், புதுச்சேரி.